மலையில் மறைந்தவருக்குத் திதி

யாராவது செத்துப்போனார் என்று கேள்விப்பட்டால் எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் "ஐயோ" என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் "எத்தினை மணிக்கு?" என்பார்.

சேதி கொண்டுவந்தவனுக்கு முதலில் பற்றிக்கொண்டு வரும். தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு வந்து நிற்கிறவனிடம் ரயில் நேரம் கேட்பதுபோல் கேட்டால் யாருக்குத்தான் வராது? ஆனாலும் அவன் மணியைச் சொல்லித்தான் ஆகவேண்டும். சொன்ன பிறகுதான் அவர் தோளில் கிடக்கும் துவாயை எடுத்துக் கண்ணைத் துடைப்பார். "நல்ல மனிசன்" என்பார். அந்த நல்ல மனிசனை அவர் தன் வாழ்நாளில் ஒருமுறைகூடக் கண்டிருக்க மாட்டார்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான் இருந்தது. பகலில் அவர் கோட்டையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். மற்ற நேரமெல்லாம் செத்தவர்களின் ஆள். கொழும்பில் எந்த யாழ்ப்பாணத்தார் கண்ணை மூடினாலும் ஐயருக்கு ஆள் போகிற கையோடு இவருக்கும் ஆள் வந்துவிடும். கல்வெட்டு எழுதவேண்டுமே.

கல்வெட்டு என்றதும் கல்லையும் உளியையும் நினைக்காதீர்கள். எங்கள் சனத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்ற கிரியை. அன்றைக்கு, இறந்தவர் மேல் பாடிய பாட்டுகளைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். முதலில் திதி வெண்பா. எந்த ஆண்டு, எந்த மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி என்று நாலு வரியில் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் வருடா வருடம் அதைப் பார்த்துத்தான் திவசம் கொடுப்பார்கள். அதன் பின்னால் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று வரிசையாக வரும். மருமக்கள் உண்மையில் புலம்பினார்களா என்று யாரும் கேட்பதில்லை.

புலம்பலை யாரும் எழுதலாம். திதி குறிப்பதில்தான் அவர் ராசா. ஒருமுறை ஒரு பெரிய வீட்டில் தகப்பனுடைய திவசத்துக்கு இவரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். இலையில் உட்கார்ந்தவர், சோற்றில் கை வைக்காமல், மனிதர் போனது எந்த நேரம் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். நூல் ஆலைச் சங்கு ஊதினதற்கு முன்னமா பின்னமா என்று வீட்டுக்காரர்களையும் வேலைக்காரியையும் குடைந்தார். கடைசியில், "தம்பியவை, நீங்கள் குடுக்கிறது பிழையான நாள். மூண்டு வருசமாய் உங்கடை அப்பர் சரியான நாளிலை வந்து, அடுப்பு மூட்டாத வீட்டைப் பாத்திட்டுப் பசியோடை திரும்பிப் போயிருக்கிறார்" என்றார். மூத்த மகன் இலைக்கு முன்னாலேயே விக்கி விக்கி அழுதான். அவரும் சேர்ந்து அழுதார். பிறகு இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள் என்று கேள்வி.

கண்ணீர் அவருக்குக் கைவசம். அந்தியேட்டி வீட்டில் எழுந்து நின்று கல்வெட்டை வாசித்தாரென்றால், சமையற்காரன்கூட அகப்பையோடு வந்து நின்று கேட்பான். ஆனால் சொந்தத் தாய் காலமானபோது வேறொரு புலவரைக் கொண்டுதான் கல்வெட்டு எழுதுவித்தார். ஏன் என்று என் அம்மாவின் தம்பி கேட்டபோது, "கண்ணுக்கு முன்னாலை கிடந்ததை எப்பிடியப்பா பாடுறது?" என்றாராம். தூரத்துச் சாவுக்குத்தான் அவர் கண் திறக்கும். பக்கத்துத் துயரம் என்றால் சாத்திரம் பேசுவார். இதை நான் அப்போது தெரிந்துகொள்ளவில்லை. பிறகு நன்றாகவே தெரிந்துகொண்டேன்.

கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சொன்னால் என் வயிறே என்னைத் திட்டும். அந்தியேட்டி வீடுகளிலிருந்து அவர் கொண்டுவரும் வடையிலும் மோதகத்திலும் பாதி எங்கள் வேலியைத் தாண்டி வந்துவிடும். நான் வளர்ந்ததே செத்தவீட்டுப் பலகாரத்தில்தான். "பிள்ளை, கொஞ்சம் ஊசிப் போச்சோ எண்டு மணந்து பாத்திட்டுச் சாப்பிடு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். அம்மா அவரை அண்ணை என்பாள். நான் மாமா என்பேன்.

எங்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் முதலில் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அப்பா அங்கே ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதினார். எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது சித்திரை மாதத்தில், கூட வேலை செய்த இரண்டு பேருடன் சிவனொளிபாத மலைக்குப் போனார். மலைக்குப் போகிற காலம் முடியும் தறுவாய். மழையும் பனிமூட்டமும் இறங்கிவிட்டிருந்தன. போன மூவரில் இருவர் திரும்பி வந்தார்கள். அப்பா மூடுபனிக்குள் முன்னால் ஏறிப்போனதைக் கண்டதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் தெரியாது என்றார்கள். ஆட்கள் தேடினார்கள். ஒரு செருப்புக்கூட அகப்படவில்லை. பேப்பரில் ஒரு வரியும் வரவில்லை.

அம்மாவின் தம்பிக்குக் கொழும்பில் வேலை. அவர் எங்களை வெள்ளவத்தைக்குக் கூட்டிவந்தார். அம்மா பொட்டோடும் தாலியோடும்தான் இருந்தாள். செத்ததைக் கண்டவர் இல்லையே. உயிரோடு இருக்கிறவனுக்கு அழுதால் அவன் ஆயுள் குறையும் என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். அதனால் அம்மா அழவும் இல்லை. எட்டு வருடம் நான் அவள் கண்ணில் நீரைக் கண்டதில்லை. வெங்காயம் உரிக்கும்போதுகூட முகத்தை அப்பால் திருப்பிக்கொள்வாள்.

எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு சம்பந்தம் வந்தது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஆட்கள். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று நல்ல மழை. நான் கதவிடுக்கால் பார்த்தேன். நனைந்த குடையை உள்ளே கொண்டுவந்து நிலத்தை ஈரமாக்காமல், வெளியே சுவரில் சாத்திவிட்டு, அது விழாதபடி ஒரு கல்லையும் எடுத்து அண்டை கொடுத்தார். எனக்கு அது போதுமாக இருந்தது. இத்தனை வயதுக்குப் பிறகு இதைச் சொல்ல என்ன வெட்கம்? எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

மாப்பிள்ளையின் தகப்பன் தயங்கியது ஒரே விஷயத்துக்குத்தான். "பெண்ணைத் தாரை வார்த்துக் குடுக்கிறது ஆர்? தகப்பன் இருக்கிறார் எண்டால் அவர் வரவேணும். இல்லையெண்டால் தாய்மாமன் குடுக்கலாம். நீங்கள் இருக்கிறார் எண்டும் இல்லாமல், செத்தார் எண்டும் இல்லாமல் நிக்கிறியள்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மணவறைக்குப் பக்கத்தில் அம்மா சுமங்கலியாக நிற்பதா, ஒதுங்கி நிற்பதா என்று எங்களுக்கே தெரியாது. பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். "உங்கடை பக்கத்து வீட்டுக் கல்வெட்டுக்காரர் திதி குறிச்சுத் தரட்டும். அவர் குறிச்சால் அதுக்கு மேலை எங்களுக்குக் கதையில்லை. அந்தியேட்டியைச் செய்யுங்கோ, ஆவணியிலை கலியாணத்தை வைப்பம்."

அம்மா அன்று மாலையே வேலியடிக்குப் போனாள். நானும் கிணற்றடியில் நின்றேன்.

"தங்கச்சி, கல்வெட்டு செத்தவனுக்கு" என்றார் அவர். "உம்மடை மனிசன் செத்ததை ஆர் கண்டது?"

"ஒருத்தரும் காணேல்லை அண்ணை."

"பின்னை? பன்னிரண்டு வருசம் பாக்கவேணும் எண்டு சாத்திரம் சொல்லுது. இன்னும் நாலு வருசம் கிடக்கு. திதி பிழைச்சால் செத்தவன் பட்டினி. உயிரோடை இருக்கிறவனுக்கு எழுதிப்போட்டால் அது கொலைக்குச் சமம். என்னாலை ஏலாது."

"நாலு வருசத்துக்கு அவையள் பொறுக்காயினம் அண்ணை."

"பொறுக்கிறவன் வருவான்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். சற்று நேரத்தில் வேலிக்கு மேலால் ஒரு வாழையிலைப் பொட்டலம் வந்தது. அதில் மோதகம் இருந்தது. அம்மா அதைப் பிரிக்கவில்லை.

அடுத்த மாதம்தான் ஒரு வெள்ளைக்காரத் துரை இமயமலையில் செத்துப்போனார்.

பெயர் பெற்ற மலையேறி. அதற்கு முந்தின வருடம் கப்பல் கொழும்பில் நின்றபோது இறங்கி, கோட்டையில் ஒரு மண்டபத்தில் விளக்குப் படம் காட்டிப் பேசியிருந்தார். அதனால் கொழும்புக்கு அவர் சொந்தப் பிள்ளை மாதிரி. மேல் கூடாரத்திலிருந்து ஒரு காலையில் அவர் புறப்பட்டதைக் கண்டவர்கள் இருந்தார்கள். திரும்பியதைக் கண்டவர் இல்லை. தந்தி வந்த மறுநாள் இங்கிலிஷ் பேப்பருக்குக் கறுப்புக் கரை கட்டியிருந்தது. கோயில் மணிகள் அடித்தன, கிளப்புகளில் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். கோட்டைக் கடைக் கண்ணாடிகளில் அவருடைய படம் கறுப்புத் துணியோடு நின்றது. கொட்டாஞ்சேனையில் ஒரு சவரக்கடையில் அதே படத்தை லட்சுமிக்கும் இங்கிலாந்து ராசாவுக்கும் நடுவில் மாட்டி, மாலை போட்டு, நெற்றியில் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார்களாம். அம்மாவின் தம்பி பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

ரயிலில் கோட்டைக்குப் போகிற கிளாக்கர்மாருக்கு வேறு பேச்சில்லை. உச்சியைத் தொட்டபிறகு செத்தாரா, தொடாமலே செத்தாரா என்று வெள்ளவத்தை ஸ்டேஷனில் தொடங்கும் சண்டை கோட்டையில் இறங்கிய பிறகும் ஓயாது. இமயமலையை மேற்படி ஆட்களில் ஒருவர்கூடக் கண்டதில்லை. பலருக்குக் கந்தோர் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். வாசலுக்கு வருகிற மீன்காரன் தடியை இறக்கி வைத்துவிட்டு, "சுது மாத்தயா கந்தே மெருனலு நேத?" என்று சிங்களத்தில் அம்மாவிடம் துக்கம் விசாரித்தான். வெள்ளைத்துரை மலையில் செத்துப்போனாராமே என்று, எங்கள் வீட்டுக்குள் நடந்த சாவைக் கேட்பதுபோலக் கேட்டான். எங்கள் வீட்டில் ஒருவர் மலையில் போனபோது இப்படி ஒருவரும் வந்து கேட்டதில்லை. அம்மா அவன் பாஷையிலேயே "ஒவ்", ஓம் என்று மட்டும் சொல்லி மீனை வாங்கினாள்.

மாமாவோ சாப்பிடவே இல்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு வேலியடிக்கு வந்து, இங்கிலிஷில் வாசித்துத் தமிழில் எங்களுக்குச் சொல்லுவார். குரல் தழுதழுக்கும். கடைசி வரியில், அவரோடு இரண்டு சுமைகூலிகளும் மாண்டார்கள் என்று இருந்தது.

"அவையளின்ரை பேர் என்னவாம் அண்ணை?" என்று அம்மா கேட்டாள்.

அவர் பேப்பரை முன்னும் பின்னும் புரட்டினார். "போடேல்லை" என்றார். பிறகு துரையின் கதைக்குத் திரும்பிவிட்டார்.

தமிழர் சங்கம் ஒன்று கொட்டாஞ்சேனையில் அனுதாபக் கூட்டம் வைக்கத் தீர்மானித்தது. கல்வெட்டுப் பாட இவரைத் தவிர வேறு யார்? ஒரு கிழமையாக விளக்கடியில் உட்கார்ந்து எழுதினார். எழுதுவதைச் சத்தமாகப் பாடிப் பாடித்தான் எழுதுவார். எங்கள் குசினிக்கு எல்லாம் கேட்கும். இமயம் என்றால் கைலாயம், ஆகவே துரை நேராகச் சிவனடி சேர்ந்தார் என்று ஒரு பாட்டு. பிறகு மனைவி புலம்பல் தொடங்கியது.

மலையேறிப் போன மன்னா
மாலைவந்தும் வரவிலையோ
விளக்கேற்றி வைத்த கைக்கு
விடைசொல்ல யாருளரோ

அம்மா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. "அந்தத் துரைக்குப் பெண்சாதி இருக்கோ?" என்று தன் தம்பியைக் கேட்டாள். "இருக்கும்தானே அக்கா" என்றார் அவர். அம்மா மறுபடி பிழியத் தொடங்கினாள்.

கூட்டத்துக்கு மாமா எங்களையும் கூட்டிப்போய்ப் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் இருத்தினார். அவருடைய கந்தோர்த் துரைதான் தலைவர். மாமா எழுந்து துவாயைச் சரிசெய்துகொண்டு திதி வெண்பாவைப் பாடினார். ஆண்டு, மாதம், தேய்பிறை, திதி எல்லாம் கணக்காக இருந்தன. ஒருவர் எழுந்து, கண்டவர் இல்லாத சாவுக்குத் திதி எப்படிக் குறித்தீர்கள் என்று கேட்டார். வேண்டுமென்று மடக்கத்தான் கேட்டார்.

"கடைசியாய்க் கண்ட நாளை எடுத்தனான்" என்றார் மாமா, கொஞ்சமும் தடுமாறாமல். "அந்தக் குளிரிலை அடுத்த விடியலை ஒரு மனிசன் காண ஏலாது. கண்டவன் சொன்ன நாள் போதும்."

சபை கைதட்டியது. மனைவி புலம்பலில் மண்டபமே அழுதது. கந்தோர்த் துரைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனாலும் மேடையில் வைத்துக் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் பக்கத்தில் அம்மா மட்டும் கண் நனையாமல் நேராக உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் விடியற்காலை மாமா கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் வேலியடிக்குப் போனாள்.

"அண்ணை, நேற்றுத் திதி வெண்பா நல்லாயிருந்தது."

அவருக்கு முகம் மலர்ந்தது. வாயில் உமிக்கரி, பேச முடியவில்லை.

"இவரையும் கடைசியாய்க் கண்டவர் ஒருத்தர் கொட்டாஞ்சேனையிலை இப்பவும் இருக்கிறார். நேற்றுக் கூட்டம் நடந்த இடத்துக்குக் கிட்டத்தான் வீடு. நீங்கள் போய் நாளைக் கேட்டு எழுதித் தாங்கோ."

அவர் வாயைக் கொப்பளித்தார். தேவைக்கு மேல் இரண்டு தடவை கொப்பளித்தார். "தங்கச்சி, அது வேறை, இது வேறை. அவர் செத்தார் எண்டு உலகமே சொல்லுது."

"எனக்குச் சொல்ல உலகம் இல்லை அண்ணை. நீங்கள்தான் இருக்கிறியள்."

"அது பொதுக்காரியம். நாளைக்குத் துரை உயிரோடை வந்தாலும் எனக்குக் கையைத்தான் குடுப்பார். உம்மடை மனிசன் வந்து நிண்டால்? நான் அவரின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

"அவர் வந்து நிண்டால் நான் உங்கடை காலிலை விழுவன்" என்றாள் அம்மா. "ஆவணிக்கு முன்னம் எழுதித் தாங்கோ. பிள்ளையின்ரை வாழ்க்கை."

"பாப்பம்" என்றார்.

இந்தப் "பாப்பம்" என்ற சொல்லை வைத்துத்தான் எங்கள் சனம் எத்தனையோ குடியைக் கெடுத்திருக்கிறது. அவர் பார்க்கவில்லை. இப்போது யோசித்தால் எனக்கு விளங்குகிறது. முதலில் மறுத்தவர் பிறகு எழுதிக் கொடுத்தால், முதலில் மறுத்தது பிழை என்றாகிவிடும். திதியில் பிழை விடாதவர் என்ற பெயர் அவருக்குச் சொத்து. சாத்திரத்துக்குப் பயந்தாரோ, சொத்துக்குப் பயந்தாரோ, ஒரு பெண்ணுடைய வாழ்க்கை நடுவில் நின்றது. வடை மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

ஆவணி வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் ஆள் அனுப்பிக் கேட்டார், பிறகு ஆள் அனுப்புவதை நிறுத்தினார். ஐப்பசிக்கு முன்னம் மாப்பிள்ளைக்குக் கொட்டாஞ்சேனையிலேயே வேறு இடத்தில் கலியாணம் முடிந்துவிட்டது. பல வருடங்களுக்குப் பிறகு அம்மன் கோயிலில் அவரை ஒருமுறை கண்டேன். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் குடை. அவர் என்னை அடையாளம் காணவில்லை. எப்படிக் காண்பார்? கதவிடுக்கில் நின்றவள் நான்தானே. எனக்குக் கலியாணம் நடந்தது இருபத்தெட்டு வயதில், இரண்டாம்தாரமாக. நல்ல மனிதர், குறை சொல்லக்கூடாது. ஆனால் அவர் வீட்டில் ஏற்கெனவே ஒருத்தியின் படம் மாலையோடு தொங்கியது. முதல் நாள் நான் விழுந்து கும்பிட்டது அந்தப் படத்தைத்தான்.

துரையின் துக்கமும் ஆறிப்போனது. கடைக் கண்ணாடிகளில் வேறு படங்கள் வந்தன. குதிரைப் பந்தயம் தொடங்கியதும் ரயிலில் மலைப் பேச்சும் நின்றது. அப்போதுதான் சீமையிலிருந்து வந்த ஒரு சஞ்சிகையில் அவருடைய சரித்திரம் முழுவதும் வந்தது. துரை கலியாணமே கட்டாதவர்.

கொழும்புத் தமிழர் சும்மா விடுவார்களா? மனைவி புலம்பல் அச்சில் வந்து ஊரெல்லாம் போயிருந்ததே. ரயில் பெட்டியில் மாமா ஏறினால் ஒருவர் எழுந்து இடம் கொடுப்பார்: "இருங்கோ, செத்தவனுக்குப் பெண் பாத்துக் குடுத்த தரகர் வாறார்." இன்னொருவர், "அந்த அம்மாவின்ரை சீதனம் எவ்வளவாம்?" என்பார். மாமா ரயிலை விட்டுவிட்டுப் பெரிய வீதியால் கோட்டைக்கு நடந்து போகத் தொடங்கினார். வேலியடிப் பக்கம் வருவதும் நின்றது. பாட்டுச் சத்தமும் இல்லை. அவரைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. முதுகு வளைந்து, மழையில் குடையை விரிக்க மறந்து போகிற மனிதரைப் பார்த்து எப்படிச் சந்தோஷப்படுவது?

கார்த்திகை விளக்கீட்டுக்குச் சில நாள் முன்னம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலியடியால் கூப்பிடாமல் சுற்றிக்கொண்டு முன்வாசலால் வந்தார். காலையில் கோட்டைக்குப் போய் ட்ராமேறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனதாகச் சொன்னார். அப்பாவோடு மலைக்குப் போனவரைக் கண்டு விசாரித்திருக்கிறார். போய்த் திரும்ப அரை நாள்கூட ஆகவில்லை.

"சங்கிலியைப் பிடிச்சு ஏறுற இடத்திலை கூடப் போனவருக்குக் கால் நொந்திட்டுதாம்" என்றார் மாமா. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னார். "உம்மடை மனிசன், 'நீ இரு, ஆறுதலாய் வா, நான் உனக்கும் சேர்த்துக் கும்பிடுறன்' எண்டு சொல்லிப்போட்டு ஏறினவராம். விடிய முன்னம். பனி மூடியிருந்ததாம். தான் கூடப் போகேல்லை எண்ட வெக்கத்திலை உமக்கு இதைச் சொல்லாமல் விட்டவராம்."

அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கும் சேர்த்துக் கும்பிடுறன்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அது அப்பாவின் குரல்தான். எனக்கே தெரிந்தது. இந்த வார்த்தை எட்டு வருடமாகக் கொட்டாஞ்சேனையில் கிடந்திருக்கிறது.

மாமா மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். ஆனாலும் "நீங்களே படியுங்கோ அண்ணை" என்றாள்.

அவர் எழுந்து நின்றார். துவாயைச் சரிசெய்தார். ஆண்டைச் சொன்னார், சித்திரை என்றார், தேய்பிறை என்றார், திதியைச் சொன்னார். அப்பாவின் பெயர் வந்த இடத்தில் நின்றுவிட்டார். மண்டபம் முழுவதையும் அழவைத்த குரலுக்கு அந்த ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை. நான் தாளை வாங்கி மிச்சத்தைப் படித்தேன்.

"இவ்வளவும்தானோ அண்ணை?" என்று அம்மா கேட்டாள்.

"ஓம் தங்கச்சி. புலம்பல் எழுதப் பாத்தனான். வரேல்லை."

"அது தேவையில்லை" என்றாள். தாளை என் கையிலிருந்து வாங்கி, எழுத்தின் மேல் விரலை வைத்து ஒரு தரம் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நாலு வரிதானே அண்ணை. அப்பவே எழுதியிருக்கலாம்."

அவர் படியிறங்கிப் போனார். அவர் வாசல் படலையைச் சாத்தும் சத்தம் கேட்ட பிறகு, அம்மா நிலத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.